பிரிட்ஜில் இருந்த சக்களத்தி

கடலோர மக்களின் உடல்நலத்தை ஆராயப் போன சேதுபதி, ஒரு பாட்டில் கடல்தண்ணீரோடு இராஜபாளையத்து வீட்டுக்குத் திரும்பினான். அதைப் பிரிட்ஜில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். இறுக மூடிய பாட்டிலுக்குள்ளும் தண்ணீர் கடலைப் போலவே காலையில் ஏறியது, மதியம் இறங்கியது, சாயங்காலம் மறுபடி ஏறியது. அவன் ஸ்கேலும் கையுமாக அதன் முன்னாலேயே கிடந்தான். மனைவி பானுப்பிரியா புதுச்சேலை கட்டி வந்து நின்றதுகூட அவன் கண்ணில் படவில்லை.

"எம்மூஞ்சியப் பாத்து எம்புட்டு நாளாச்சு? எந்நேரமும் இந்தச் சக்களத்தியவே பாத்துக்கிட்டு இருக்கீக."

"செத்த நேரம் சும்மா இரு பானு. ஏறுது பாரு."

மறுநாள் அவன் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது அவள் பாட்டிலைத் திறந்தாள். கொட்டினால் மனசு ஆறாது என்று, கரிக்கக் கரிக்க ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

சாயங்காலம் காலிப் பாட்டிலைக் கண்டதும் அவன் கத்திக்கொண்டு வந்தான். தண்ணீர் ஏறும் அந்த நேரம், அவள் கையில் தொளதொளவென்று கிடந்த வளையல்கள் இறுகத் தொடங்கின. சதையில் பதிந்தன. ஒன்று உடைந்து தெறித்தது.

சேதுபதி உள்ளே ஓடினான். ஸ்கேலை எடுத்துவந்து அவள் முன்னால் உட்கார்ந்து, இமைகொட்டாமல் பார்த்தான். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

வளையல்கள் தளர்ந்ததும் எழுந்து தூங்கப் போய்விட்டான். மறுபடி எப்போது ஏறும் என்று, பானுப்பிரியா தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.