பிரதீபாவின் ராக்கெட்

கடற்கரைப் பள்ளி மைதானத்தில் மாதிரி ராக்கெட் போட்டி. பார்த்தசாரதி ஏவுதளத்தின் கால்களை மறுபடி முடுக்கினார். மகள் பிரதீபா ராக்கெட்டைத் தாங்கி நின்ற கம்பியைத் தொடப் போனாள்.

“கை வைக்காதே. கடல் காத்து அடிக்குது, அந்தப் பக்கமா சாய்க்கணும். உனக்குத் தெரியாது.”

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆபிரகாமுக்குப் பொறுக்கவில்லை. “பசங்க போட்டிதானே சார்? அவளைச் செய்ய விடுங்க.”

“பரவால்ல அங்கிள்,” என்று பிரதீபா சுண்டலைக் கொறித்தாள்.

ராக்கெட் சீறிக்கொண்டு மேலே போனது. கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கில் அறிவித்தார்கள்: “பெற்றோர் பிரிவில் முதல் பரிசு, பார்த்தசாரதி.”

ஆபிரகாம் விழித்தார். “பெற்றோர் பிரிவா?”

“மிஸ்கிட்ட கெஞ்சி நான்தான் வைக்கச் சொன்னேன் அங்கிள். அடுத்தது எங்க பிரிவு.”

பிரதீபா பையிலிருந்து தன் ஏவுதளத்தை எடுத்துப் பூட்டினாள். பரிசுக் கோப்பையோடு வந்த பார்த்தசாரதி, கம்பியைச் சரிசெய்யக் குனிந்தார்.

“கை வைக்காதீங்கப்பா. நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே.”