கோபம் கேட்காத காது

எங்கள் காபிக் கடையில் வேலை செய்பவர்கள் காதில் ஒரு கருவி அணிந்திருப்பார்கள். யார் கத்தினாலும் அதை இதமான பேச்சாக மாற்றித் தரும் கருவி அது. அன்று எனக்கு முதல் நாள். என்னுடையது இன்னும் வரவில்லை. அதனால் எல்லாமே என் காதில் அப்படியே விழுந்தது.

"சக்கர வேணாம்னு எத்தன தடவ சொல்றது? செவிட்டு முண்டம்!" என்று கத்தினார் ஒருவர்.

"ரொம்ப நன்றி சார், அடிக்கடி வாங்க" என்று ஜெசிந்தா அக்கா சிரித்தார்.

"என்னடி இளிப்பு? நக்கலா?"

அக்கா இன்னும் மலர்ந்து சிரித்தார். அந்த ஆள் ஆவி பறக்கும் காபியைக் கையில் எடுத்தார். காலையிலிருந்து வாயே திறக்காத நான், தொண்டை கிழியக் கத்தினேன்.

"அக்கா, குனிங்க! மூஞ்சில ஊத்தப் போறான்!"

அக்கா என் பக்கம் திரும்பி, அன்போடு தலையாட்டினார். காபி முழுவதும் அவர் கன்னத்தில் விழுந்தது.

ஆம்புலன்சில் அவர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்கள். வலியில் பல்லைக் கடித்தபடி அக்கா என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, அந்த நேரத்துல போயி எதுக்கு என்னைச் சாப்டீங்களான்னு கேட்ட?"