அந்த அக்கா யாரு?

“அந்த அக்கா இல்லேன்னா நானும் இல்ல, இவளும் இல்ல.”

பத்து நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தப் பெண் இப்படிச் சொன்னதும், பிரசவப் பிரிவின் கூட்ட அறையில் இருந்த மூன்று மருத்துவச்சிகளும் ஒன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தி முகத்திலும் ‘என்னைத்தான் சொல்றா’ என்கிற வெட்கம். தலைமை மருத்துவச்சிக்கோ, போன உயிர் திரும்பி வந்தது.

முதல் பரிசோதனையிலிருந்து பிரசவம் வரைக்கும் ஒரு தாயை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அவள் ஆரம்பித்த திட்டம் அது. ஒரு வருடமாகியும் ஷிப்ட், லீவு, ஆள் பற்றாக்குறை என்று ஏதாவது ஒன்று காலை வாரிக்கொண்டே இருந்தது.

“கடைசி வரைக்கும் ஒரே முகத்தைத்தான் பார்த்தேன்னு சொல்ற ஒரு தாயைக் காட்டுங்க, போதும். இல்லேன்னா இன்னியோட இழுத்து மூடிடலாம்” என்று சொல்லிவிட்டு, புதிதாக வந்திருக்கும் நிர்வாக அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். உடம்புக்கு நல்லது என்று மூன்று மாடியும் படியேறியே வருகிற மனுஷர். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஏற்கெனவே இரண்டு தாய்மார் வந்து கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி விரல்விட்டு ஒன்பது முகம் எண்ணினாள். இன்னொருத்தி, “ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்லேர்ந்து சொல்லிச் சொல்லி, என் கதை எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு சார்” என்றாள்.

மூன்றாவதாக வந்தவள்தான் இவள்.

“ஒரே ஆளா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா” என்றார் அதிகாரி.

“இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? பத்து தடவை வந்தேன், பத்து தடவையும் அவங்கதான். ‘தூங்கினியா? வாந்தி நின்னுதா? வீட்டுக்காரர் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காரா?’ன்னு போன தடவை விட்ட இடத்துலேர்ந்து கேப்பாங்க. கால் வலிக்குதுன்னா தன் ஸ்டூலை எனக்குக் குடுத்துட்டு நிப்பாங்க.”

“எவ்வளவு நேரம் பேசுவாங்க?”

“ஒரு நிமிஷம் இருக்கும் சார்.”

“ஒரே நிமிஷமா? அப்ப நம்ம ஆளேதான்!” என்று கண்ணாடிக்கார மருத்துவச்சி கைதட்ட, அறையே குலுங்கிச் சிரித்தது. ஒரு நாளைக்கு நாற்பது வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிடம் என்பதே தாராளம்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“எட்டாம் மாசம் ஒருநாள் தலை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. இங்க ஒரே கூட்டம். நாளைக்குப் பாத்துக்கலாம்னு கிளம்பிட்டேன். அவங்க என் மூஞ்சியைப் பார்த்தாங்க, காலைப் பார்த்தாங்க. ‘போன தடவை இந்தச் செருப்பு லொடலொடன்னு இருந்துதே, இப்ப ஏன் வார் புதைஞ்சு கிடக்கு?’ன்னாங்க. அவ்வளவுதான், கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்து, வரிசையைத் தாண்டி முன்னாடி நிறுத்திட்டாங்க. அப்புறம்தான் பிரஷர் தாறுமாறா ஏறியிருக்குன்னு கண்டுபிடிச்சீங்க. அன்னிக்கு மட்டும் நான் வீட்டுக்குப் போயிருந்தா...”

குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“இதுக்குத்தான் சார் நான் தொண்டை கிழியக் கத்தினேன்!” தலைமை மருத்துவச்சி மேஜையைத் தட்டினாள். “தெரிஞ்ச முகமா இருந்தாத்தான் அது வீங்கியிருக்குன்னே தெரியும்!”

அதிகாரி பேனாவை எடுத்தார். திட்டம் இன்னும் இரண்டு வருடம் தொடரலாம் என்று எழுதி, அகலமாக ஒரு கையெழுத்தும் போட்டார். தலைமை மருத்துவச்சிக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. வயது ஐம்பத்திரண்டு என்பதால் நாற்காலியிலேயே லேசாகக் குதித்துக்கொண்டாள்.

“சரி, அந்தக் கெட்டிக்காரி யாரு?”

“பேரு கேட்டதில்ல சார். குள்ளமா, உருண்டையா இருப்பாங்க. நீலச் சட்டை.”

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரைத் தவிர எல்லாருக்குமே நீலச் சட்டைதான். கண்ணாடிக்காரி தன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொடிக்கம்பம் என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த நெட்டையானவள், “உக்காந்தா நானும் குள்ளம்தான்” என்று சரிந்து உட்கார்ந்தாள். மூன்றாவது மருத்துவச்சி, ஒல்லிக்குச்சி, கன்னத்தை உப்பவைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இவங்க யாரும் இல்லையே!”

“லீவுல இருக்கிற ஆளா இருக்கும் சார்” என்று தலைமை மருத்துவச்சி அவசரமாக முட்டுக்கொடுத்தாள்.

அப்போது கதவு லேசாகத் திறந்தது. குள்ளமாக, உருண்டையாக ஒருத்தி எட்டிப் பார்த்தாள். “பாப்பாவோட சாக்ஸ் ஒண்ணு கீழ விழுந்து கிடந்துது...”

“சார்! இவங்கதான்! இவங்கதான் அந்த அக்கா!”

அதிகாரி துள்ளி எழுந்து ஓடிப்போய், சாக்ஸோடு சேர்த்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். மருத்துவச்சிகள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைமை மருத்துவச்சி மட்டும் சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்ட தாளைத் தன் பக்கம் இழுத்து, நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“உங்களை மாதிரி பத்து மருத்துவச்சி இருந்தாப் போதும்மா எனக்கு! எந்த வார்டு நீங்க?”

“வார்டெல்லாம் இல்லீங்க சார். லிஃப்ட்டு.”