விட்டுக்கொடுத்தல்

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் உடற்பயிற்சிக்கு இழுக்கும் கயிறுகள் எவ்வளவு தாங்கும் என்று சோதிப்பது அவள் வேலை. போன வருஷம் அங்கேயே இறந்துபோன அவள் கணவர் இழுத்த கயிறும் சோதனைக்குத் திரும்பி வந்தது. அதைச் சோதனை எந்திரத்தின் உருளையில் மாட்டியதுமே உருளை தானாகச் சுழன்றது. நீளமாய் ஓர் இழுப்பு, தோள்வலிக்காரரான அவர் இழுப்பதுபோல் குட்டையாய் ஒன்று.

வாசலில் மேலாளர் எட்டிப் பார்த்தார். "கயிறு எப்படிம்மா இருக்கு?"

"நைஞ்சு போகல சார். இன்னும் உழைக்கும்."

"சரி, மோட்டாரை நிறுத்திட்டுக் கிளம்பும்மா."

மோட்டாரை அவள் போடவே இல்லை. "சரி சார்" என்றாள்.

அவர் போனதும் கைப்பிடியைப் பற்றி மெல்ல இழுத்தாள். மறுமுனை விட்டுக்கொடுத்தது. வாழ்ந்தபோது எதற்கும் விட்டுக்கொடுக்காத மனுஷன். அடுத்து அந்தப் பக்கம் இழுத்தது. அவள் கையைத் தளர்த்தினாள். இருட்டும்வரை கயிறு போய் வந்துகொண்டிருந்தது.