எட்டு நாற்பது வரை திருவோணம்

அவள் காது கேட்காதவள் போல நின்றாள்.

மறுபடியும் கேட்டார்கள்.

"உங்கப்பா எத்தன மணிக்குங்க தவறுனாரு?"

கேட்டது சுலோச்சனா. வீட்டை விலைபேச வந்த சென்னியப்பனின் மனைவி. கையிலிருந்த போனில் பஞ்சாங்கம் திறந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி.

அதுவரை பேச்சு ஒழுங்காகத்தான் போனது. சென்னியப்பன் சுவரைத் தட்டிப் பார்த்தார். கழிப்பறை ஈசானிய மூலையில் இருப்பதாகச் சொல்லிக் கொஞ்சம் குறைத்தார். ஓதம் ஏறிய இடத்தைக் காட்டி இன்னும் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். ஐம்பத்திரண்டு இலட்சத்தில் வந்து நின்றது.

அது கிடைத்தால் அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடன் போக, ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஃபிளாட் வாங்கலாம். அதற்குக் கீழே போனால் வாடகை வீடுதான்.

"அன்னிக்கு ராத்திரி எட்டு நாப்பது வரைக்கும் திருவோணம்," என்றாள் சுலோச்சனா. "அதுக்கப்பறம் அவிட்டம்."

அவிட்டத்தில் செத்தால் ஆறு மாதம் அடைப்பு. வீட்டைப் பூட்டிப் போட வேண்டும். விளக்கு எரியலாம், ஆள் குடியிருக்கக் கூடாது. இருந்தால் இன்னொரு சாவு விழும் என்பார்கள்.

"மருமக மாசமா இருக்கறா அம்மணி. அதுக்குத்தான் கேக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தரகர் சிரித்தார். "ஏனுங்கக்கா, காலண்டரப் பாத்துட்டா மனுசன் சாகறான்?"

"நீ சும்மா இருப்பா. உனக்குக் கமிசன் வந்தாப் போதும். குடியிருக்கப் போறது நாங்க."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"அடைப்புன்னா நாப்பத்தஞ்சுதானுங்க முடியும். இன்னும் நாலு மாசம் இதையும் பூட்டி வெச்சுட்டு அங்கயும் வாடகை கட்டோணும். பரிகாரம் வேற."

இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. டாக்டர் வயதைக் கேட்டார். மின்மயானத்தில் ஆதார் கேட்டார்கள். சான்றிதழில் தேதி இருந்தது. நேரம் இல்லை.

அவளுக்கும் தெரியாது.

இரவு வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லைச் சரிபார்க்கும் கம்பெனி. எட்டே முக்காலுக்கு கேப் வரும். அன்றும் வந்தது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

போயிட்டு வரேம்ப்பா என்றாள்.

பதில் இல்லை. பல நாள் இருந்ததில்லை. கேப்காரன் ஹார்ன் அடித்தான். போய்விட்டாள்.

காலையில் வந்தபோதும் சுவர்ப் பக்கம்தான் திரும்பியிருந்தார்.

எட்டு நாற்பதுக்கு முன்பு என்றால் பிணத்திடம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். பின்பு என்றால் அந்த நேரத்தில் எவனோ ஒரு அமெரிக்கனின் முழங்கால் ஆபரேஷனுக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டையும் நினைத்துப் பார்த்தாயிற்று. இரண்டிலும் ஒன்றும் தோன்றவில்லை.

நடுவே ஏழு இலட்சம்.

"எட்டு மணிங்க," என்றாள்.

"நீங்க நைட் டூட்டின்னு சொன்னாங்களே?"

"அன்னிக்கு லீவு."

தரகர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவருக்குத் தெரியும். அடுத்த தெருக்காரர்.

சுலோச்சனா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பப் பக்கத்துலயே இருந்தீங்களா?"

"இருந்தேனுங்க."

"குடுத்து வெச்சவங்க நீங்க. எங்கப்பனுக்கு, நான் பஸ் புடிச்சுப் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. சாம்பலத்தான் காமிச்சாங்க."

அவள் தரையைப் பார்த்தாள். மொசைக்கில் கட்டில் கால் அழுத்திய தடம் இருந்தது. கட்டிலை விற்றாகிவிட்டது.

"வாயில தண்ணி ஊத்துனீங்களா?"

காலையில் அப்பாவின் வாய் திறந்திருந்தது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"ஊத்துனேன்."

"உள்ள எறங்குச்சுங்களா?"

"எறங்குச்சு."

சுலோச்சனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கை இவளுடைய முழங்கை மேல் கொஞ்ச நேரம் இருந்தது. சூடாக இருந்தது.

சென்னியப்பன் முன்பணத்தை எடுத்தார். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்தார். கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார். நின்றாள். வாங்கிக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டு. இனி மாறாது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, அடுப்பை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்று கணவனும் மனைவியும் பேசிக்கொண்டார்கள். தரகர் வண்டியைக் கிளப்பினார். யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

கேட் வரைக்கும் அவர்கள் பின்னாலேயே போனாள்.

"கடைசியா எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாருங்க," என்றாள்.