நீட்டிய கை

"டிரா கேட்டானா? நீ என்னடா சொன்ன?"

ஆட்டக்காரர்களுக்கான காப்பி மேஜையருகே கெவோர்க் ஸாவெனிடம் கிசுகிசுத்தான். கெவோர்க்கின் ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. மேடையில் மிச்சமிருந்தது ஸாவெனின் சதுரங்கப் பலகை மட்டும்தான்.

"சொல்ல என்ன இருக்கு? கையை நீட்டி, ஹங்கேரி பாஷையில என்னமோ முனகினான். நான் கையைத் தொடவே இல்ல. தலையை ஆட்டிட்டு, பலகையைக் காட்டி விளையாடுன்னுட்டேன்."

"புள்ளியில ரெண்டு பேரும் சமமா நிக்கிறீங்க. டிரான்னா கோப்பை ஆளுக்குப் பாதியாச்சே."

"பாதிக் கோப்பையில பாதி ஒயின்தான் பிடிக்கும். கியும்ரிக்காரன் பாதிக்கு மயங்குவானா?"

கெவோர்க் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பல நாட்டு ஆட்டக்காரர்கள் வந்திருந்த போட்டி, கடைசிச் சுற்று, சொந்த ஊரான கியும்ரியின் மண்டபம். ஸாவெனிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. அவன் ராணியும் யானையும் ஹங்கேரிக்காரர் டெஜோவின் ராஜாவை மூலையில் நெருக்கி நின்றன. இந்த நிலையில் சமாதானத்துக்குப் போக ஸாவெனுக்கு என்ன பைத்தியமா?

"மூஞ்சி வெளிறிப்போச்சு அவனுக்கு. சீக்கிரம் முடிச்சிட்டு வர்றேன். ராத்திரி எங்க தோட்டத்துல கறி சுடுறோம். உன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வந்துடு."

ஸாவென் பலகைக்குத் திரும்பி வந்தபோது டெஜோ இன்னும் காயை நகர்த்தவில்லை. ஸாவெனை ஒரு மாதிரியாக, வியந்ததுபோல் பார்த்தார். பிறகு தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு பலகைமேல் குனிந்தார். குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

நிமிர்ந்ததும் தன் குதிரையைக் கொண்டுவந்து சும்மா வெட்டக் கொடுத்தார்.

ஸாவென் சந்தோஷமாக வெட்டினான். அடுத்த நகர்த்தலிலேயே அவன் காதுமடல் சிவந்தது. அந்தக் குதிரைக்குப் பின்னால் திறந்த வழியில் அவன் ராணி சிக்கிக்கொண்டது. பிறகு யானையும் போயிற்று. கடைசியில் தன் ராஜாவைத் தானே சாய்த்துவிட்டு எழுந்தான்.

"டிராவை வாங்கியிருக்கலாம்," என்றான் கெவோர்க்.

"விடுடா. துணிஞ்சு ஆடினேன், தோத்தேன். அடுத்த வருஷம் இதே மண்டபத்துல அவனைக் கவுக்கிறேனா இல்லையா பாரு."

பரிசளிப்பு விழாவுக்கு அவன் தலைநிமிர்ந்துதான் போனான், முன்வரிசையில் உட்கார்ந்தான்.

கோப்பையை வாங்கிக்கொண்ட டெஜோ ஒலிபெருக்கி முன் நின்று, ஸாவெனைப் பார்த்துக் கண்கலங்க ஏதோ பேசினார். பக்கத்தில் நின்ற பெண் அதை ஆர்மீனிய மொழியில் சொன்னாள்.

"இந்தக் கோப்பை நியாயமா ஸாவெனுக்குத்தான் சேரணும்னு சொல்றார். நான் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தான் கையை நீட்டினாராம். ஆனா ஸாவென் அந்தத் தோல்வியை வாங்கிக்காம, மனசை விடாதே, விளையாடுன்னு பலகையைக் காட்டினாராம்."

மண்டபமே எழுந்து நின்று ஸாவெனுக்காகக் கை தட்டியது.