ஏழாவது நிபந்தனை

அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

அவன் எழுந்து போனான்.

பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இனிஷியலை விரித்து எழுதியிருந்தான். இந்த ஊரில் அதுவே அவன் பெயராகிவிட்டது. தபால்காரருக்கும், காப்பிக்கடைப் பெண்ணுக்கும், வீட்டுக்காரக் கிழவிக்கும் அவன் சென்யோர் ஆறுமுகநயினார். பாதியில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார்கள்.

குடியேற்ற அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், குடியிருப்பு அட்டைக்கான அவனுடைய கோப்பைத் திறந்தாள்.

உழைக்காமல் வரும் வருமானம். அதைக் காட்டினால் இங்கே வாழலாம்.

போர்ச்சுகல். இருபது வயதிலிருந்து மொழிபெயர்ப்பு நாவல்களில் அவன் குடியிருந்த தெருக்கள். நீல ஓடு பதித்த சுவர்கள். சரிவில் இறங்கும் டிராம். மழைக்கு ஒதுங்கி நிற்கும், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவன்.

அந்த ஒருவனாக இருக்க ஆசைப்பட்டான்.

பாளையங்கோட்டை வீட்டை, அவன் கேட்காமலேயே அவன் பெயருக்கு எழுதிவைத்திருந்தார் அப்பா. மாடியிலிருந்து வந்த வாடகை விசாவுக்குப் போதவில்லை.

"கீழ்வீட்டுக்கும் ஒரு அக்ரிமெண்ட் போட்டுருங்க சார்" என்றார் ஏஜெண்ட்.

கீழ்வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

சும்மா பேப்பருக்குத்தான் என்று அவர்களிடம் சொன்னான்.

பதினொரு மாத ஒப்பந்தம். ஊரில் எல்லோரும் போடுவதுதான். பத்திரம் எழுதுபவரிடம் எப்போதும் தயாராக இருப்பது. பெயர்களை மட்டும் நிரப்ப வேண்டும்.

வீட்டு உரிமையாளர்: அவன்.

வாடகைதாரர்: அப்பா.

அப்பா படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. சாப்பாட்டு மேசையில் விரித்து, வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். ஏழாவது நிபந்தனையில் விரல் நின்றது.

"ஏல, உரிமையாளர் எழுத்து மூலமா அனுமதி குடுக்காம சொவத்துல ஆணி அடிக்கக் கூடாதாம்லா. நான் நின்னு தண்ணி ஊத்துன சொவரு!"

"ஆமா, இப்ப அடிக்கப் போறியளாக்கும்" என்றாள் அம்மா. "போடுங்க கையெழுத்த. பிள்ளை போணும்லா."

சாட்சி இடத்தில் அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஒரு எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

அப்பா ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வாடகை அனுப்பினார். பென்ஷனிலிருந்து.

வேண்டாம்பா என்று சொல்ல நினைத்தான். வங்கிக் கணக்கில் தெரிந்தாக வேண்டும் என்றார் ஏஜெண்ட்.



அவன் வந்த நான்காம் மாதம் அம்மா இறந்தாள். குடியிருப்பு அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று தெரியவில்லை.

போனில் பார்த்தான். அவன் தூக்க வேண்டிய கொள்ளிச்சட்டியை அப்பா தூக்கினார். அந்த இடத்தில் படம் உறைந்துவிட்டது. மறுபடி ஓடத் தொடங்கியபோது வாசலில் வெறும் செருப்புகள்.

நேற்று, புதிய பதினொரு மாத ஒப்பந்தத்தை அப்பா ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார். சாட்சி இடத்தில் மாடிவீட்டுக்காரரின் கையெழுத்து. கோட்டின் மேல் நேராக நின்றது.

கூடவே ஒரு குரல் பதிவு.

"அக்ரிமெண்ட் அனுப்பியிருக்கேன். பாத்துக்கோ. அம்மா படம் இன்னும் நாற்காலியிலதான் இருக்கு. யாராச்சும் வந்தா எடுத்துக் கீழ வைக்க வேண்டியிருக்கு. ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?"

கேலி என்றுதான் நினைத்தான். கடைசியில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். மின்விசிறியின் சத்தம் கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

மறுபடி கேட்டான்.

எங்கேயும் 'ஏல' இல்லை.

இன்னும் பதில் அனுப்பவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பேனாவால் ஒப்பந்தத்தைத் தொட்டாள். பிறகு அவன் பாஸ்போர்ட்டை. மறுபடி ஒப்பந்தத்தை.

"இரண்டும் ஒரே பெயர்" என்றாள் மெதுவான ஆங்கிலத்தில். "வாடகைக்கு இருப்பவர் உங்களுக்கு உறவா?"

கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் பின்னால் ஜன்னல். ஜன்னலில் மழை. மழைக்கு ஒதுங்கி, எதிர்ச் சுவரோரம் யாரோ ஒருவன் நின்றிருந்தான்.

"இல்லை" என்றான். "எங்கள் ஊரில் நிறையப் பேருக்கு இந்தப் பெயர் உண்டு."

அவள் தலையசைத்தாள். முத்திரை விழுந்தது. ஒரே ஒரு அடி.

"வாழ்த்துகள், சென்யோர் ஆறுமுகநயினார்."

யாரை வாழ்த்துகிறாள் என்று ஒரு கணம் அவனுக்குப் புரியவில்லை.

வெளியே படிக்கட்டில் நின்று போனை எடுத்தான்.

அது உங்க வீடுப்பா.

எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பு கையிடுக்கில் இருந்தது. முத்திரையின் மை இன்னும் காய்ந்திருக்காது.

ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

அடிச்சுக்கோங்க.

அனுப்பினான். உடனே நீல டிக் குறிகள் விழுந்தன. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

பதிலும் உடனே வந்தது. ஒரே சொல். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லியிராத சொல்.

நன்றி.